தஞ்சாவூரில் எங்கே வாங்குவது: கோயில் வாசலா, பூம்புகாரா, செய்கிற ஊரா?

தஞ்சாவூருக்கு வருகிறவர்கள் வெறுங்கையோடு திரும்புவது குறைவு. பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு வெளியே வந்ததும் பிள்ளைகளுக்கு ஒரு தலையாட்டிப் பொம்மை, அரண்மனைப் பக்கம் ஒரு கலைத்தட்டு, புது வீடு கட்டியவர்கள் என்றால் வரவேற்பறைக்கு ஒரு தஞ்சாவூர் ஓவியம். என்ன வாங்குவது என்று பலரும் ரயிலிலேயே முடிவு செய்துவிடுகிறார்கள். எங்கே வாங்குவது என்பதை மட்டும் ஆட்டோக்காரர் கையில் விட்டுவிடுகிறார்கள்.

பணம் போவது அங்கேதான். ஆட்டோவோ வழிகாட்டியோ கொண்டுபோய் நிறுத்தும் கடையில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு என்பது சுற்றுலா ஊர்கள் எல்லாவற்றிலும் நடக்கிற கதை. அந்தப் பங்கு நம் பில்லில்தான் ஏறும். "நீங்களே ஒரு நல்ல கடைக்குக் கூட்டிப் போங்க" என்று சொன்ன பிறகு அவரைக் குறை சொல்லவும் முடியாது.

நம் முன்னால் இருக்கிற வழிகள் நான்கு. கோயில் வாசல், அரண்மனையைச் சுற்றியுள்ள கடைகள். காந்திஜி சாலையில் இருக்கும் பூம்புகார், அதாவது தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகத்தின் விற்பனை நிலையம். ஊருக்குள்ளேயே வேலை செய்கிற கலைஞர்களின் வீடும் பட்டறையும். நான்காவது, கொஞ்சம் வெளியே போய் சுவாமிமலை, நாச்சியார்கோயில், திருபுவனம் போன்ற செய்கிற ஊர்கள். எல்லாவற்றுக்கும் ஒரே இடம் சரிவராது. நான் பார்க்கிற கணக்கு எளிமையானது. பொருளின் தரம் கையில் எடுத்துப் பார்த்தாலே தெரிகிறதென்றால் எங்கே வேண்டுமானாலும் வாங்கலாம். விலை கண்ணுக்குத் தெரியாத தங்கத்திலோ வெள்ளியிலோ வேலை நேரத்திலோ ஒளிந்திருக்கிறதென்றால், எழுதிய பில் கிடைக்கிற இடத்துக்கோ செய்கிறவரிடமோ போக வேண்டும்.

பொம்மைக்குக் கோயில் வாசல் போதும்

தலையாட்டிப் பொம்மையில் இரண்டு வகை. ஒன்று உருண்டை அடி வைத்த ராஜா, ராணி. அடியில் களிமண் கனம், மேலே இலேசான காகிதக் கூழ். எப்படித் தள்ளினாலும் எழுந்து நிற்கும். இன்னொன்று நாட்டியக்காரி. பாவாடை, இடுப்புக்கு மேல் உடம்பு, தலை என்று தனித்தனித் துண்டுகள் கம்பியில் தொங்குவதால் ஒவ்வொன்றும் தன் போக்கில் ஆடும்.

இரண்டையும் வாங்கும் முன் சோதிக்க அரை நிமிடம் போதும். ராஜாவைத் தரையோடு தரையாகச் சாய்த்து விட்டுவிடுங்கள். ஆடி ஆடி நேராக வந்து நிற்க வேண்டும். ஒரு பக்கமாகச் சாய்ந்தே நின்றால் அடியில் கனம் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். நாட்டியக்காரியை வைத்திருக்கும் பலகையை விரலால் ஒரு தட்டுத் தட்டுங்கள். தலையும் இடுப்பும் வெவ்வேறு தாளத்தில் ஆடினால் நல்லது, மொத்தமாகச் சேர்ந்து ஆடினால் உள்ளே கம்பி உரசுகிறது. பெயின்ட் ஒட்டுகிறதா என்று கழுத்தோரம் தேய்த்துப் பாருங்கள். இவ்வளவையும் வாசல் கடையிலேயே செய்யலாம், கடைக்காரர் எதுவும் நினைக்கமாட்டார். பிளாஸ்டிக்கில் வார்த்த பொம்மைகளும் கூடவே அடுக்கியிருக்கும். கையில் தூக்கினாலே வித்தியாசம் தெரிந்துவிடும்.

பூம்புகாரில் இதே பொம்மை கிடைக்கும். பேரம் கிடையாது, ஆனால் விலைச்சீட்டு ஒட்டியிருக்கும். பேரம் பேசக் கூச்சப்படுகிறவர்களுக்கு அதுவே நிம்மதி. கொலுவுக்கு ஏழெட்டு வாங்குகிறீர்கள் என்றால் வாசல் கடையில் மொத்தமாகப் பேசிக் குறைக்கலாம். ஒன்றிரண்டுக்காக வெயிலில் கடை கடையாக ஏறி இறங்குவதில் பிரயோஜனம் இல்லை.

நெட்டி வேலைப்பாடும் இந்த வகைதான். நீர்ச்செடியின் தண்டிலிருந்து எடுக்கும் வெள்ளைத் தக்கையைச் சீவிச் சீவிப் பெரிய கோயில் விமானத்தையே கண்ணாடிப் பெட்டிக்குள் கட்டி வைத்திருப்பார்கள். தூரத்தில் பார்த்தால் தந்தம் மாதிரி இருக்கும். அழகுதான், ஆனால் ரயிலில் பாதி நொறுங்கி வரும். காரில் வந்தவர்கள் வாங்கலாம்.

அரண்மனையில் பலரும் கவனிக்காத ஒன்று

அரண்மனையைச் சுற்றியுள்ள கடைகளில் பித்தளை, ஓவியம், மரச் சிற்பம், சின்னச் சின்ன அலங்கார வீணை எல்லாம் கலந்து கிடக்கும். பார்க்க நன்றாகப் பொழுது போகும். வாங்குவதற்கு எனக்கு அவ்வளவு உவப்பில்லை. செய்தவர் யார், எங்கே செய்தது என்று கேட்டால் பெரும்பாலும் பொதுவான பதில்தான் வரும்.

அதே அரண்மனை வளாகத்தில் சரஸ்வதி மகால் நூலகம் இருக்கிறது. 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி வளர்த்த நூலகம். அங்கே இருக்கும் சுவடிகளைப் பதிப்பித்து நூலகமே விற்கிறது. சரபேந்திர வைத்திய முறைகள், இசை, சோதிடம், மராட்டிய காலத்து நூல்கள் என்று வேறு எந்தப் புத்தகக் கடையிலும் சட்டென்று கிடைக்காதவை. அரசு பதிப்பு என்பதால் விலையும் அடக்கம். வீட்டில் படிக்கிறவர் ஒருவர் இருந்தால், தஞ்சாவூரிலிருந்து கொண்டு போக இதைவிட நல்ல பொருள் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அருங்காட்சியகத்தைப் பார்த்த வேகத்தில் பாதிப்பேர் விற்பனைப் பிரிவைக் கவனிக்காமலே வெளியே வந்துவிடுகிறார்கள்.

"இது ரொம்பப் பழசு சார், ஜமீன் வீட்டுப் பொருள்" என்று யாராவது குரலைத் தாழ்த்தினால் மட்டும் நகர்ந்துவிடுங்கள். 1972ஆம் வருடத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட சிலை, ஓவியம் போன்றவையும் 75 வருடத்துக்கு மேற்பட்ட ஓலைச்சுவடிகளும் தொல்பொருள் கணக்கில் வரலாம். அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டு போக முடியாது, உள்ளூரில் விற்கவும் உரிமம் வேண்டும். சொல்கிறவர் சொல்வது பொய் என்றால் காசு நஷ்டம், மெய் என்றால் போலீஸ் வரைக்கும் போகும். சிலை கடத்தலுக்கென்றே தனிப் பிரிவு வைத்திருக்கிற மாநிலம் இது.

ஓவியம்: அவசரப்பட்டால் ஏமாறுவது இங்கேதான்

நான்கு வழிகளில் எது என்ற கேள்வி உண்மையில் கஷ்டமாவது ஓவியத்தில்தான். காரணம், ஒரு தஞ்சாவூர் ஓவியத்தின் விலையில் பெரும்பகுதி நமக்குத் தெரியாத மூன்று இடங்களில் இருக்கிறது. பலகை, தங்க ரேக்கு (மெல்லிய தங்கத் தகடு), முகம்.

ஒரு காலத்தில் பலா மரப் பலகையில் எழுதினார்கள். இப்போது பிளைவுட். அதில் தவறில்லை, நல்ல பிளைவுட் வளையாமல் நிற்கும். மட்டமான பலகை மழைக்காலத்தில் ஈரம் குடித்துப் புடைக்கும், மேலே ஒட்டிய துணி எழும்பும். படத்தைத் திருப்பிப் பார்க்கலாமா என்று கேளுங்கள். பின்பக்கம் முழுக்கக் காகிதம் ஒட்டி மூடியிருந்தால் ஏன் என்றும் கேளுங்கள்.

தங்க ரேக்குதான் பெரிய விஷயம். சுண்ணாம்புப் பொடியும் கோந்தும் குழைத்து நகை, திரை, தூண், மண்டபம் எல்லாவற்றையும் மேடாக எழுப்பி, கற்களைப் பதித்து, அதன் மேல் 22 காரட் தங்க ரேக்கை ஒட்டுவது முறையான வேலை. தங்க நிறத் தாளை ஒட்டினாலும் கடை விளக்கில் அப்படியேதான் மின்னும், இன்னும் கொஞ்சம் அதிகமாகவே மின்னும். சில வருடத்தில் கறுக்கும்போதுதான் தெரியும். கடையில் கண்ணால் பார்த்து நூற்றுக்கு நூறு கண்டுபிடிக்க முடியும் என்று நான் சொல்லமாட்டேன். செய்யக்கூடியது ஒன்றுதான். பில்லில் "22 காரட் தங்க ரேக்கு" என்று எழுதித் தரச் சொல்வது. வாயால் சத்தியம் செய்கிறவர் பேனாவை எடுக்கத் தயங்கினால், விஷயம் முடிந்தது.

முகத்தைப் பொறுத்தவரை நம் கண்ணே போதும். கிட்டப் போய்க் கண் ரப்பையையும் உதட்டையும் பாருங்கள். தூரிகையில் இழுத்த கோடு ஒரு இடத்தில் மெலிந்து ஒரு இடத்தில் தடித்துப் போகும். அச்சடித்த முகத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரியும், கோடு ஒரே சீராக இருக்கும். அச்சடித்த படத்தின் மேல் கல்லையும் பளபளப்பையும் மட்டும் ஒட்டி விற்பதும் நடக்கிறது. அதை அச்சுப் படம் என்று சொல்லி அதற்குரிய விலைக்கு விற்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. சொல்லாமல் விற்பதுதான் பிரச்சினை.

இனி எங்கே என்பது. பூம்புகாரில் விலை எழுதியிருக்கும், பில் கிடைக்கும், பிறகு தகராறு என்றால் போய் நிற்க ஒரு இடம் இருக்கும். பண்டிகைக் காலத்தில் தள்ளுபடியும் வரும். ஆனால் இருப்பதிலிருந்துதான் எடுக்க வேண்டும். வெண்ணெய்க் கிருஷ்ணரும் பட்டாபிஷேகமும் நிறையக் கிடைக்கும், உங்கள் குலதெய்வம் கிடைக்காது.

கலைஞர் வீட்டில் அப்படியில்லை. அரைகுறையாக நிற்கும் படங்கள் சுவரோரம் சாய்ந்திருக்கும். ஒன்று வெறும் பென்சில் கோட்டோடு, இன்னொன்று வெள்ளை மேடுகள் எழும்பி, மற்றொன்று ரேக்கு ஒட்டி முகம் மட்டும் எழுதாமல். எது எங்கே மறைகிறது என்று அந்த வரிசையைப் பார்த்தாலே புரிந்துவிடும். எனக்குத் தெரிந்து இந்தப் படத்தைப் பற்றிக் கற்றுக்கொள்ள அதைவிடச் சுருக்கு வழி இல்லை. நமக்கு வேண்டிய சாமி, வேண்டிய அளவு, கல் கம்மியாக, திரை நிறம் மாற்றி என்று சொல்லிச் செய்து வாங்கலாம். நேரம்தான் விலை. வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், முன்பணம் கொடுக்க வேண்டும், நடுவில் ஒருமுறையாவது போட்டோ அனுப்பச் சொல்லிப் பார்க்க வேண்டும். அன்றைக்கே கையில் வேண்டும் என்கிறவர்களுக்கு இது ஒத்துவராது. அவர்கள் பூம்புகாருக்கே போய்விடுவது நல்லது. வாசல் கடையில் பெரிய ஓவியம் வாங்குவதை மட்டும் நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

இன்னொன்று. இந்த ஓவியம் இப்போது சென்னை, மதுரை, கோயம்புத்தூர் என்று எல்லா ஊரிலும் வகுப்பு நடத்திக் கற்றுத் தரப்படுகிறது. உங்கள் தெருவிலேயே நன்றாக எழுதுகிற ஒருவர் இருக்கலாம். தஞ்சாவூரில் வாங்கியது என்பதாலேயே படம் உயர்ந்ததாகிவிடாது.

கலைத்தட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பித்தளைத் தட்டின் மேல் செம்பிலும் வெள்ளியிலும் எழுப்பிய உருவங்களைப் பதிப்பது பழைய முறை. இப்போது வெள்ளி என்று சொல்லப்படுவது பல இடங்களில் வெள்ளி முலாம், அல்லது வெறும் வெள்ளை உலோகம். "வெள்ளியா, முலாமா?" என்று நேராகக் கேளுங்கள், பில்லில் எழுதச் சொல்லுங்கள். விழாவில் யாருக்காவது பரிசாகக் கொடுக்க என்றால் முலாமே போதும், யாரும் உரசிப் பார்க்கப் போவதில்லை.

உலோகத்துக்கு ஊர் விட்டு ஊர் போகலாம்

சிலையும் விளக்கும் வாங்க நினைக்கிறவர்கள் கும்பகோணம் பக்கம் ஒரு நாள் ஒதுக்க வேண்டும். தஞ்சாவூரிலிருந்து சுவாமிமலை சுமார் 30 கிலோமீட்டர். அங்கிருந்து தாராசுரம் பக்கம், ஐராவதேசுவரர் கோயிலையும் பார்த்துவிட்டுக் கும்பகோணம் வரலாம். கும்பகோணத்திலிருந்து திருவாரூர் சாலையில் சுமார் 10 கிலோமீட்டர் போனால் நாச்சியார்கோயில், கல் கருடன் இருக்கிற ஊர். கடைக்கென்று தனியாக அலைய வேண்டாம், கோயிலோடு சேர்ந்தே முடியும்.

சுவாமிமலைச் சிலை மெழுகில் பிறக்கிறது. தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து கை, கால், ஆயுதம், பீடம் எல்லாம் தனித்தனியாகச் செய்து சூட்டுக்கோலால் ஒட்டுகிறார்கள். அதன் மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி, காயவைத்து, கம்பி கட்டி, சூடேற்றி மெழுகை வடிய விட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். அதனால் ஒரு அச்சுக்கு ஒரு சிலைதான். அதற்குப் பிறகு சீவுளி வேலை, அதாவது உளியால் சீவிச் செதுக்குவது. சின்னச் சிலைக்கும் நாள் கணக்கில் ஆகும். நாம் கொடுக்கிற விலையில் உலோகத்துக்கு அடுத்தபடி பெரிய பங்கு இந்தச் சீவுளிக்குத்தான்.

இது தெரிந்தால் கடையில் ஏமாறுவது குறையும். அலமாரியில் அச்சு அசலாக ஒரே மாதிரி மூன்று நடராஜர் நின்றால் அது மெழுகு வார்ப்பு இல்லை. விலாப் பக்கம் மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய தையல் கோடு ஓடினால் இரண்டு பாதி அச்சில் வார்த்தது. மொராதாபாத், அலிகர் பக்கமிருந்து வரும் பித்தளைச் சிலைகள் இந்தியா முழுக்க விற்கின்றன, இங்கேயும் வரும். அப்புறம், சிலையைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். நல்ல வேலையில் தலைக்குப் பின்னால் சிரச்சக்கரம், தோளில் விழும் சடை, இடுப்பில் முடிச்சு எல்லாம் முன்பக்கத்துக்குச் சமமாகச் செதுக்கியிருக்கும். விரல் நகம் தனித்தனியாகத் தெரியும். அவசர வேலையில் முதுகு மொழுக்கென்று இருக்கும். பச்சையோ கறுப்போ படிந்த "ஆன்டிக் ஃபினிஷ்" ரசாயனத்தால் வருவது. பிடித்திருந்தால் வாங்குங்கள், வயதுக்கென்று காசு கொடுக்காதீர்கள்.

பூம்புகாரா, சுவாமிமலைப் பட்டறையா என்றால், அலங்காரத்துக்கு ஒரு சின்னச் சிலை போதும் என்கிறவர்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம். பூம்புகாருக்கு சுவாமிமலையிலேயே உற்பத்தி நிலையம் உண்டு. பூஜைக்கு என்றால் நிச்சயம் பட்டறைக்குப் போங்கள். சாமியின் உருவத்தைச் சொல்லும் தியான சுலோகத்தின்படி ஸ்தபதி தென்னை ஓலையை மடித்து அளவு எடுப்பதிலிருந்து பேசலாம். வார்க்கிற அன்று வீட்டார் ஒரு பொட்டுத் தங்கமும் வெள்ளியும் கொண்டுவந்து உருக்கில் போடுவதும் வழக்கம். சாலையோரப் பலகையில் ஸ்தபதி என்று போட்டிருப்பவர்கள் எல்லாரும் வார்க்கிறவர்கள் இல்லை. "பட்டறை எங்கே, பார்க்கலாமா?" என்று கேட்டால் போதும். உண்மையில் செய்கிறவர் பெருமையாகவே கூட்டிப் போவார்.

நாச்சியார்கோயில் குத்துவிளக்கு இதைவிட எளிது, ஏனென்றால் விற்பது எடைக்கு. கண் முன்னால் தராசில் வைக்கச் சொல்லி, அன்றைய கிலோ விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு விளக்கை முழுக்கக் கழற்றுங்கள். அடி, தண்டு, தட்டு, உச்சியில் அன்னம் என்று ஒவ்வொன்றும் மரையில் சுழன்று வரும். திரும்ப மாட்டும்போது இடறாமல் ஏற வேண்டும், மாட்டி முடித்தால் தரையில் ஆடாமல் நிற்க வேண்டும். தட்டில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஐந்து முகத்திலும் ஒரே மட்டத்தில் நின்றால் கடைசல் சரி. ஒரு முகத்தில் மட்டும் வழிந்தால் நாளைக்கு எண்ணெயும் அப்படித்தான் வழியும். தட்டின் அடியை விரலால் தடவி ஈரம் கசிகிறதா என்றும் பார்க்க வேண்டும், வார்ப்பில் ஊசித் துளை விழுந்திருக்கலாம். தஞ்சாவூர்க் கடைகளிலும் நாச்சியார்கோயில் விளக்கு என்று விற்பார்கள். பெரிய விளக்கு, ஜோடியாக, கல்யாணத்துக்கு என்றால் நேரே அந்த ஊருக்கே போவது நல்லது. அகலத்தையும் உயரத்தையும் சொல்லித் தேர்ந்தெடுக்கலாம். வீட்டில் பழைய பித்தளை கிடந்தால், எடைக்கு எடுத்துக்கொள்வார்களா என்று முன்கூட்டியே போனில் கேட்டுவிட்டுக் கொண்டு போங்கள். சின்னக் காமாட்சி விளக்குக்காக அவ்வளவு தூரம் போவது வீண், கும்பகோணத்துப் பாத்திரக் கடைகளே போதும்.

பட்டுப் புடவைக்கு அதே பக்கத்தில் திருபுவனம். கம்பகரேசுவரர் கோயில் இருக்கிற ஊர், சௌராஷ்டிர நெசவாளர்கள் நிறைந்த ஊர். விசிறி மடிப்புப் புடவை அதன் அடையாளம். கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கினால் ஜரிகைத் தரம் எழுதியே வரும், அதனால் தனியார் கடைகளுக்குள் நுழையும் முன் அங்கே ஒரு சுற்றுப் பார்த்துவிடுவது என் பழக்கம். விலை என்னவென்று மனதில் ஒரு அளவு பதிந்துவிடும்.

வீணையைச் சுற்றுலாவில் வாங்க வேண்டாம். தஞ்சாவூர் வீணை வேண்டும் என்றால் வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு செய்கிறவரிடம் போய் ஒட்டு வீணையா, ஒரே மரத்தில் குடைந்த ஏகாண்டமா என்று பேசி ஆர்டர் கொடுத்துவிட்டு வாருங்கள். கம்பிகளுக்கு அடியில் வரிசையாக இருக்கும் அதன் 24 உலோக மெட்டுகளும் மெழுகின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. கோடைக் காலத்தில் மூடிய காருக்குள் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால் சுருதி போய்விடும்.

தின்பண்டத்துக்கு திருவையாறு. பாசிப்பருப்பில் செய்யும் அசோகா அல்வா, 13 கிலோமீட்டர்தான், ஐயாறப்பரையும் பார்த்துவிடலாம்.

கடைசியாகக் கொண்டு போவது. குத்துவிளக்கைக் கழற்றிய துண்டுகளாகத் தனித்தனியாகத் துணியில் சுற்றினால் துணிப்பெட்டிக்குள் அடங்கும். ஓவியத்தைக் கண்ணாடி போடாமல் வாங்கி ஊரில் சட்டம் போட்டுக்கொள்வது மேல். கண்ணாடி உடைந்தால் ரேக்கையும் கிழித்துவிடும். வெளிநாட்டுக்குச் சிலை எடுத்துப் போகிறவர்கள், பழசு போலத் தோன்றுகிற வேலையாக இருந்தால், இது தொல்பொருள் இல்லை என்று தொல்லியல் துறையிடம் சான்றிதழ் வாங்கிக்கொள்ள வேண்டும். புறப்படுவதற்கு முந்தின நாள் கிடைக்கிற காரியம் இல்லை அது, அதனால் சிலை வாங்குவதைப் பயணத்தின் தொடக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். பில்லில் வார்த்த வருடத்தையும் பட்டறை முகவரியையும் எழுதி வாங்குங்கள். பார்சல் லாரியில் போடுவதாக இருந்தால், உங்கள் முகவரி எழுதிய சீட்டைப் பெட்டிக்கு வெளியே ஒட்டுவதோடு உள்ளேயும் ஒன்று போட்டுவிடுங்கள்.